நெஞ்சில் வைத்த கை

15 ஆகஸ்ட் 2008, வெள்ளி. குகட்பள்ளி.

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. காலையில் எங்கள் குடியிருப்பில் கொடியேற்றினார்கள். ஜன கண மன ஆரம்பித்ததும் என் வலது கை தானாக எழுந்து நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்த என் மகள் நிலாதான், "அம்மா, கையை டவுன் பண்ணு. இங்க அப்படி இல்ல" என்று கிசுகிசுத்தாள். அமெரிக்காவில் பிறந்தவள். இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது.

அங்கே அவள் பள்ளி விழாக்களில் அவர்களுடைய கீதம் வரும்போது எல்லோரும் நெஞ்சில் கை வைப்பார்கள். முதலில் நான் மட்டும் பிடிவாதமாகக் கையைத் தொங்கவிட்டு நின்றேன். பிறகு, நிலாவின் தோழிகள் பார்க்கிறார்களே என்று வைக்க ஆரம்பித்தேன். வெறும் கைதானே, மனசு இல்லையே என்று சொல்லிக்கொண்டேன். குடியுரிமை வாங்கலாம் என்று கணவர் எவ்வளவோ கெஞ்சியும் மாட்டேன் என்றவள் நான்!

பாட்டு முடிந்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் விக்டர் அங்கிள் ஓடி வந்தார். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர்; பேச்சில் இந்த ஊர் உருது கலந்துவிடும்.

"என்னம்மா, நெஞ்சு வலியா? டென்ஷன் நக்கோ, பயப்படாதே. குர்சி போடச் சொல்றேன், உட்காரு."

கிண்டலாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே பயந்திருந்தார்.

"ஆமா அங்கிள், லேசா வலிக்குது" என்றேன்.

கணவரும் அதை நம்பிவிட்டார். நாளைக்கு ஈ.சி.ஜி. எடுத்தே ஆகணுமாம். அவரிடம் என்னவென்று சொல்வது? விளக்கை அணைக்கச் சொல்கிறார். படுக்கும்போது இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.