பசையில் நின்ற வேப்பங்கிண்ணம்

ஆகஸ்ட் 2, சனி

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. காலையிலிருந்து வாயெல்லாம் மண். தைத்த இரண்டு அபாயா அங்கிக்கும் கழுத்தில் மினுக்குக் கல் ஒட்டி முடித்தேன்.

பட்டறைக் கொட்டிலைக் கூட்டினேன். இவருக்கு, என் புருசனுக்கு, பாரிசவாதம் வந்து எட்டு மாதம். அதன்பிறகு அங்கே யாரும் போகவில்லை, இவரும்தான். வலது கையில் பலமில்லை, பேச்சு குழறல். நடக்கலாம், ஆனால் அறையை விட்டு வருவதில்லை. மரத்தைச் சுழற்றிக் கடையும் கடைச்சல் மெஷினின் சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். சுற்றியது. அறையிலிருந்து குரல்: "ஆரு அது?" கூட்டுறேன் என்றேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

எனக்கு ஒரு மரக்கிண்ணம் கடைய ஆசை. இவர் இருபது வருடமாகக் கட்டில் கால்தான் கடைந்தார். கட்டில் காலை இரண்டு முனையிலும் பிடிக்கலாம். கிண்ணத்துக்கு ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், உளி உள்ளே போக. அப்போ எதில் நிற்கும்? ஆணி அடித்தால் அடியில் ஓட்டை. ஃபோன் வீடியோவில் ஒருவர் சூட்டுப் பசையால் ஒட்டியே கடைகிறார். சூட்டுப் பசைத் துப்பாக்கி என்னிடமும் இருக்கிறதே, கல் ஒட்டுவது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தோல்வி.

மெஷின் தலையில் வட்ட இரும்புத் தகடு. அதில் திருகாணி போட்டு ஒரு பலகைத் துண்டு. பலகையில் பசை, பசையில் மா மரம். வேலிப் பக்கம் போன மாதம் முறிந்த கிளை. என் துப்பாக்கி சின்னது, மெல்லிய பசைக் குச்சி. பசை வட்டம் முடிவதற்குள் தொடங்கிய இடம் ஆறிவிட்டது. சுவிட்சைப் போட்டதும் மரம் பறந்து தகரத்தில் இடித்தது.

திரும்பினால் இவர் கொட்டில் வாசலில். கம்பை ஊன்றி, மூச்சு வாங்க.

"கை இரிக்கா?"

இருக்கு என்று இரண்டையும் காட்டினேன்.

"பசைய நம்பி ஆராச்சும் மரம் சுத்துவானா? ரெண்டு பக்கமும் புடிக்கணும்."

"ரெண்டு பக்கமும் புடிச்சா கிண்ணத்துக்குள்ள எப்பிடிப் போறது?"

போய்விட்டார். ஆனால் எழும்பி வந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கல்முனைக்கு பஸ். நூல், ஊசி, பிறகு ஹாட்வெயார் கடை.

என் சின்னத் துப்பாக்கியைக் கடைக்காரரிடம் காட்டினேன். "இது பூவுக்கும் கல்லுக்கும்தான் ராத்தா. மரத்துக்கெண்டா தடிச்ச குச்சி போடுறத எடுங்க." மூன்று வைத்தார். ஒன்று இருபது வாட், என்னுடையது போலத்தான். ஒன்று நூறு, ஆனால் சுவிட்ச் இல்லை, செருகினால் எரிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது அறுபது. சுவிட்ச் உண்டு, நிமிர்ந்து நிற்கக் கம்பிக்கால் உண்டு, விசை நாலு விரலும் பிடிக்க நீளம். செருகிக் காட்டச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் பசை தண்ணியாக வந்தது. துப்பாக்கி மூக்கில் சொட்டல் கொஞ்சம். மூன்றாவதை எடுத்தேன்.

"என்ன ஒட்டப் போறீங்க?"

"கிண்ணம்."

"உடைஞ்சிட்டா?"

"இன்னும் செய்யல்ல."

விளங்காமல் பார்த்தார்.

ஆகஸ்ட் 6, புதன்

துணி ஒன்றும் தைக்கவில்லை. பசைக்குப் பரீட்சை.

மரத்துண்டுகளைச் சோடி சோடியாக ஒட்டி, கூரை வளை மரத்தில் கட்டி, கீழே வாளி. வாளிக்குள் கோப்பை கோப்பையாகத் தண்ணி.

— ஈர மாமரம்: நாலு கோப்பையில் விட்டது. பசை மரத்தில் ஒட்டவே இல்லை, தோல் போல உரிந்தது
— காய்ந்த வேம்பு: பதினொன்று
— காய்ந்த வேம்பு, அரத்தாளால் தேய்த்து, தலைமுடி காய வைக்கும் மெஷினால் சூடாக்கி: வாளி நிறைந்தது, விடவில்லை

ஆக, பசை மட்டும் சூடாக இருந்து போதாது. மரமும் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த மரம் பசையைத் தொட்டவுடனே ஆற்றிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோசம் சொல்ல முடியாது. சோறு அடிப்பிடித்தது.

இவர் கதிரை போட்டு வாசலில் இருந்தார். நடுவில் சொன்னார்: "நேரா இழுக்கிறாய். மெஷின் அப்பிடி இழுக்காது. பக்கவாட்டில தள்ளும்." சரிதான். பக்கவாட்டில் தட்டினால் நிறைந்த வாளியைத் தாங்கிய சோடியும் ஒரே தட்டில் விட்டது. அகலமாக, விளிம்பைச் சுற்றியும் பசை போட்டபின் தாங்கியது.

அசர் தொழுகைக்குப் பிறகு பார்த்தேன், இவரின் வலது கைச் சுட்டு விரலில் கொப்புளம். ஒரு துண்டைப் பிடித்துத் தந்தாரே, அப்போது பசை பட்டிருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை.

"சுட்டதே தெரியல்ல" என்றார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தண்ணியில் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தக் கையைக் கொட்டிலுக்கு வர வைத்தது நான்தானே.

துப்பாக்கியை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று எதுவும் எழுதவில்லை. எதுவும் செய்யவும் இல்லை.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பாண்டிருப்பிலிருந்து தவம் அண்ணன், இவருக்கு மரம் கொடுக்கும் தச்சர். கையில் வேப்பங்குற்றி, நன்றாகக் காய்ந்தது, ஒரு சாண் அகலம். நான் கேட்கவில்லை.

"காக்காதான் சொல்லிவிட்டவர், தங்கச்சி. வேம்புதான் வேணுமாம், ரெண்டு வருசம் காஞ்சதாம்." இவரைத்தான் காக்கா என்பார், அண்ணன் என்று.

இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கையுறை போட்டா சரி."

அலுமாரிக்கு மேலிருந்து துப்பாக்கி இறங்கியது.

ஆகஸ்ட் 9, சனி

அடியைத் தட்டையாகச் சீவி, தேய்த்து, தூசி துடைத்து, சூடாக்கி, பசை. பத்து நிமிடம் கை வைக்காமல். மெஷினின் பெல்ட்டை மெதுவாகச் சுற்றும் சில்லுச் சக்கரத்துக்கு மாற்றினேன். எதிரே நிற்காமல் பக்கத்தில் நின்றேன். இவரின் இடது கை சுவிட்சில்.

வெளிப்புறம் வந்தது. உள்ளே இறங்கினேன். வேப்பம் வாசனை, மரச்சீவல் சுருள் சுருளாகத் தலைத்துணி முழுக்க. மரத்துக்குள் வட்டம் தானாகத் தோன்றுவது போல. பாதி ஆழத்தில் இவர் சுவிட்சை அணைத்துவிட்டார்.

"என்னத்துக்கு?"

"சத்தம் மாறிட்டு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் பசை வட்டத்தில் ஒரு பக்கம் மயிரிழை விலகல். தொட்டால் இளஞ்சூடு, பசை மெத்தென்று. இன்னும் நாலு சுற்றுச் சுற்றியிருந்தால் என் முகம்.

"உளி மொட்டை. நீ அமத்துறாய். அமத்தினா சூடு ஏறும், பசை இளகும்."

சாணைக் கல்லை எடுத்துத் தந்தேன். இடது கையால் தீட்டினார், வலது கை மேலே பாரமாக மட்டும். நேரம் எடுத்தது. திரும்ப ஒட்டி, ஆறவிட்டு, கூர் உளியால் போனேன். மொட்டை உளியின் சீறல் இல்லாமல், துணி வெட்டுவது போல ஒரு சத்தம். இதுதான் சரியான சத்தமாம்.

கழற்றுவது: பாமசியில் வாங்கிய ஸ்பிரிட், ஒட்டின ஓரத்தில் ஊற்றி ஐந்து நிமிடம். மெல்லிய கத்தியை விட்டதும் 'டொக்' என்று பிரிந்தது. பசை முழுத் தோலாக உரிந்து வந்தது. அடியில் ஓட்டை இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கிண்ணம் மேசையில் ஆடுகிறது. அடி நடுவில் கொஞ்சம் துருத்தல்.

இவர் விரலால் தள்ளி ஆட்டிப் பார்த்தார். "கவுத்து ஒட்டு. அடியக் கொஞ்சம் குழிக்கணும்."

விளிம்பில்தான் பசை, மெல்லிய இடம், பார்த்துப் போட வேண்டும். துப்பாக்கியை எடுக்கப் போனேன். கையை நீட்டினார். வலது கை, கையுறையோடு. விசையில் நாலு விரலை வைத்து, இடது கையால் மேலே அணைத்து அழுத்தினார். பசை நூலாக வந்தது, நின்றது, திரும்ப வந்தது. அரைவாசியில் முதல் பக்கம் ஆறிவிட்டது. சுரண்டிவிட்டுத் திரும்பச் சூடாக்கினேன். இரண்டாம் முறையும் ஆறியது. மூன்றாம் முறை முடித்தார். கோணல் வட்டம். ஆனால் தாங்கியது.

அடி குழித்தாயிற்று. ஆடவில்லை. அதில் பேரீச்சம்பழம் வைத்திருக்கிறேன்.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கொட்டிலில் இவரின் குரல். ஃபோனில் தவம் அண்ணனிடம் முதிரை மரம் கேட்கிறார். பாரிசவாதம் வந்தபின் இவராக ஒருவருக்கும் ஃபோன் எடுத்ததில்லை, பேச்சு விளங்காது என்ற வெட்கம். வேப்பங்குற்றிக்குக்கூட ஆள் அனுப்பித்தான் சொல்லிவிட்டவர்.

"முதிரை... முதிரை. மு-தி-ரை."

மூன்றாம் தரம் அந்தப் பக்கம் விளங்கியிருக்க வேண்டும்.

"ஓம். ரெண்டு குத்தி. அகலமா."