பின் ரூமுக்கும் சிக்னல் வந்தாச்சு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுறது. நான் நல்லாத்தான் இருக்கேன், அதை நம்பிட்டு மேலே படி. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமா இருக்கோம்னு நீ சொன்னா நான் நம்பிடறேன் இல்லையா, அந்த மாதிரி. போன்ல சொல்லாம எதுக்குக் கடுதாசின்னு கேப்பே. போன்னா நடுவுல நடுவுல அம்மா ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுன்னு ஆரம்பிச்சுடுவே. இதுல உன்னால வாயே திறக்க முடியாது.

போன மாசம் உன்கிட்ட வீடியோ கால்ல பேசிக்கிட்டே பின் ரூமுக்குப் போனேன், அங்கே சிக்னல் போச்சு, உன் திரையில என் மூஞ்சி வாய் கோணி அரைக்கண் மூடினபடி நின்னுபோச்சு. உடனே அம்மாவுக்குப் பக்கவாதம்னு நீயா முடிவு பண்ணி எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட, அந்த மனுஷன் அலறியடிச்சுக்கிட்டு வந்து முன்கதவுத் தாழ்ப்பாளைப் பேத்துட்டு உள்ளே நுழைஞ்சா, நான் நீதான் போனை வெச்சுட்டேன்னு நினைச்சு ஜன்னலோரம் உக்காந்து ஊசியில நூல் கோத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் பேசினப்போ உன் குரல் நடுங்கிச்சு, இல்லைன்னு சொல்லல. அதுக்காக அந்த வாரமே நீயும் உன் அக்காவும் கூடிப் பேசி, வீட்டை வித்துட்டு அம்மா உன்கிட்ட வந்துடணும், அது வரைக்கும் பின் ரூமைப் பூட்டிட்டு சிக்னல் கிடைக்கிற முன் ரூம்லயே இருக்கணும்னு தீர்ப்பு எழுதிடறதா? என் தம்பி, அதான் உன் அருமை மாமா, ஒரு புரோக்கரையே கூட்டிட்டு வந்துட்டான். அந்த ஆள் டேப்பை நீட்டி என் கட்டிலையும் சேர்த்து அளந்தான். நல்லாயிருக்கே கதை! என் வீட்ல பாதியைப் பூட்டிட்டு நான் டிக்கெட் கவுன்டர்ல உக்காந்த மாதிரி வாசல்லயே உக்காரணுமாக்கும். காத்து வர்றது அந்த ரூம்ல, நான் தைக்கிறது அங்கே, உங்க அப்பா போனப்புறம் தனியாத் தூங்கப் பழகினதும் அங்கேதான். புரோக்கரை மரியாதையா வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். உன் மாமாவை மரியாதை இல்லாம.

அன்னிக்கு சாயங்காலமே கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். உங்க வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவுல இரும்பு பீரோ வேற, முன்னாடி இருக்கிற ஒத்த வைஃபை ரவுட்டர் பாவம் என்ன பண்ணும், பின்னாடி இன்னொண்ணு வெச்சு ரெண்டுக்கும் நடுவுல ஒயர் இழுத்துடுங்கன்னார் கடைக்காரர். நீ புதுசு மாத்தினப்போ கழட்டின பழசு பரண் மேல சும்மாதானே கிடக்கு. ஆளை அனுப்பட்டுமான்னு கேட்டார், வேண்டாம்னுட்டேன். கதவு நிலைக்கு மேலயே ஒயரை ஓட்டி கிளிப் அடிக்க ரெண்டு நாள் ஆச்சு. ஸ்டூல்ல ஏறினியான்னு கேக்காதே, ஏறினேன், எலக்ட்ரீஷியன் சம்சாரம் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டா. எல்லாம் மாட்டி சுவிட்சைப் போட்டா, பின்னாடியும் வரல, முன்னாடி ஒழுங்கா வந்துக்கிட்டிருந்ததும் போச்சு. உன் மாமா கேள்விப்பட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலைன்னு உன் அக்கா. எனக்கு அழுகையே வந்துடுச்சு, இவங்க சொல்றதுதான் சரியோன்னுகூடத் தோணிடுச்சு.

அப்புறம் ரெண்டு பெட்டியையும் திருப்பி அடியில ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். ஒவ்வொரு ரவுட்டருக்கும் நம்பராலேயே ஒரு விலாசம் இருக்கு, ரெண்டுலயும் அது கடைசி எண் வரைக்கும் ஒண்ணு. அட, இது நம்ம கேஸாச்சே! முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸ்ல தெருவாரியா கடிதம் பிரிச்சவ நான். ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்குப் பதினாலாம் நம்பர் எழுதி வெச்சுட்டு எங்க தபால்காரரை அலைய விட்டாங்களே, அதே கூத்துதான். ஒயரைப் பிடுங்கிட்டு, போனைப் பழைய பெட்டியோட சேர்த்து, அதோட விலாசத்துல கடைசி எண்ணை ரெண்டுன்னு மாத்தினேன். இன்னொரு வம்பும் இருந்தது, வீட்டுல இருக்கிற போனுக்கெல்லாம் நம்பர் குடுக்கிற வேலையை ரெண்டு பெட்டியும் போட்டி போட்டுச் செஞ்சுதுங்க. ரெண்டு கவுன்டர்லயும் ஒரே டோக்கனைக் குடுத்தா கியூவுல அடிதடி வராம என்ன வரும்? அதை நிறுத்துற இடம் எங்கே இருக்குன்னு மட்டும் கடைக்காரரைக் கேட்டுக்கிட்டு, பின்னாடி பெட்டியோட கவுன்டரை மூடிட்டு ஒயரைத் திரும்ப மாட்டினேன். இப்போ பின் ரூம்ல சிக்னல் கோடு எல்லாம் ஜம்முனு நிக்குது. உன் மாமாவை அங்கே உக்கார வெச்சு ஒரு முழு சினிமா பார்க்க வெச்சேன். நடுவுல ஒரு தடவைகூடப் படம் நிக்கல.

ஞாயித்துக்கிழமை கூப்பிடு, வாசல்லேருந்து பின் ஜன்னல் வரைக்கும் பேசிக்கிட்டே நடக்கிறேன். நீ மார்க் போடறதுக்கு இல்ல, சும்மா பார்க்கிறதுக்கு. உன் வீட்ல எனக்குன்னு பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கியே ஒரு ரூம், அதைப் பேத்திக்குக் குடு. முடியாத நாள் வந்தா நானே என் வாயால சொல்வேன்டா, மறைக்க மாட்டேன், அது வரைக்கும் யாரும் என் வீட்டை அளக்க வேண்டாம். இதை அக்காவுக்கும் படிச்சுக் காட்டு. மருமகளை நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி குனிஞ்சே உக்கார வேண்டாம்னு சொல்லு, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. மூணு பேரும் நோய்நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு நல்லா இருங்க.

மறக்காதே, லீவுக்கு வரும்போது உன் போன்ல பழைய வைஃபை பேரைத் தேடிக்கிட்டு நிக்காதே. ரெண்டு ரவுட்டருக்கும் சேர்த்துப் புதுப் பேர் வெச்சிருக்கேன், 'வரமாட்டேன்'னு காட்டும், அதைத்தான் அமுக்கணும். பாஸ்வேர்டு, நீ கைக்குழந்தையா இருந்தப்போ நான் மட்டும் உன்னைக் கூப்பிட்ட பேர். அதை இங்கே எழுத மாட்டேன், உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
தன் வீட்டுலயே இருக்கிற
உன் அம்மா