கல்லுக்குண்டு ஆர்வில்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த மெய்ன் கடற்கரை ஊரில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று, சிங்கி இறால் பிடிக்கும் ஆர்வில் போதை மாத்திரைப் பழக்கத்தை விட்டொழிக்க எங்கள் சிகிச்சை மையத்துக்கு வந்தார். பழைய மாத்திரையின் வேகம் இறங்கி உடம்பு படுத்தத் தொடங்கிய பிறகுதான் நான் மாற்று மருந்து கொடுப்பேன். முந்திக் கொடுத்தால் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். அவரோ வியர்த்து வடிந்தபடி, "எனக்கென்ன தாயி, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்றார்.

"அப்ப மருந்து எதுக்கு? படகுக்குப் போங்க."

"அடிப்பாவி! சரி, முடியல. செத்துட்டிருக்கேன், போதுமா?"

சிரித்துக்கொண்டே மருந்தை அவர் நாக்கடியில் வைத்தேன்.

தம்பி வேட் போட்ட பழைய கம்பளிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள். அவனும் போதை மாத்திரையை விட்டுவிட்டான், நலமாக இருக்கிறான் என்றே ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள். இனி உள்ளதை எழுதுங்கள். அடுத்த ஆள் வந்துவிட்டார். நான் நலம் என்று மேலே எழுதியதையும் அடித்துவிடுங்கள்.

மகள்,
நெல்டா