காயாத பேட்டரிக்கு உன் பெயர்

என் செந்தில் அண்ணா,

உன்னைக் கொன்றது உன் முதலாளி. பேப்பரில் 'பேட்டரி வெடித்துத் தொழிலாளி பலி' என்று போட்டார்கள். பேட்டரிக்கு வாய் இல்லை, அதனால் பழி அதன் மேல் போயிற்று.

நடந்தது உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கிற பனியன் யூனிட்டில் துணிப் பண்டல் ஏற்றும் பேட்டரி ஆட்டோவை நீதான் ஓட்டினாய். மலிவாக வாங்கிப் போட்ட பேட்டரி. உள்ளே இருந்த மின்கலப் பைகள் உப்பி, பெட்டியின் மூடி மூடவில்லை. "ஏனுங்க, உப்பிப் போச்சுங்க" என்று போய் நின்றாய். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "வேஸ்ட் ப்ரெஸ்ஸுல வச்சு ஒரு அமுக்கு அமுக்கு கண்ணு. உள்ள போயிரும்."

கட்டிங் வேஸ்ட் துணியைக் கட்டாக அமுக்குகிற இயந்திரம் அது. எது உப்பினாலும் அமுக்கினால் சரியாகிவிடும் என்பதுதான் அந்த ஆளின் மொத்த அறிவு. நீயும் "சரீங்க" என்றாய். மதியம் மூன்று மணி. பை கிழிந்தது, உள்ளே இருந்த திரவம் தீப்பற்றியது, சுற்றிலும் துணிக் கழிவு.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். பத்து வருஷத்துக்கு மேல் அவரிடம் இருந்தாயே, ஒரு தடவை முடியாது என்று சொல்லிப் பார்த்திருக்கக் கூடாதா? என்ன செய்திருப்பார்? வேலையை விட்டு நிறுத்தியிருப்பார். வேலை இல்லாமல் உயிரோடு இருந்திருப்பாய்.

உன் காரியம் முடிவதற்குள் யூனிட்டில் ஹோமம் நடத்தினார். தீ விபத்துக்குப் பரிகாரமாக இன்னொரு தீ. எங்களுக்கும் சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. அம்மா போய்ப் பிரசாதம் வாங்கி வந்தாள்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். நான் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். "அம்முணி, நாலு வருசமா பிளாஸ்டிக் பேப்பர் காய வச்சுட்டு இருக்கறயே, அரிசி வத்தல் போட்டிருந்தா வறுத்தாவது தின்னிருக்கலாம்" என்று கேலி செய்வாயே, அந்தப் பேப்பர்தான். பேட்டரிக்குள் திரவம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தத் திடமான படலத்தை வைத்தால் ஒழுகாது, சுலபத்தில் பற்றாது.

அதில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று நீ கேட்டபோது உன் வேலையை வைத்தே சொன்னேன். லாரியில் சரக்கு ஏற்றும்போது வரிசையாக நின்று பண்டலைக் கைமாற்றுவீர்களே, அப்படி. லித்தியம் அயனிதான் பண்டல். பாலிமர் என்பது நீளமான சங்கிலி. அதில் வரிசையாக ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. சங்கிலி நெளியும்போது ஒரு ஆக்சிஜன் விட, அடுத்தது பிடித்துக்கொள்ளும். சங்கிலிகள் விறைத்து அடுக்கடுக்காகக் கிடந்தால் அயனி நின்ற இடத்திலேயே நிற்கும். சூடேற்றினால் நெளியும். ஆனால் அதற்கு வேண்டிய சூடு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேகூட வராது. "அப்ப ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடு, கை வேகமா வரும்" என்றாய்.

நீ போன பிறகு ஒரு நாள், சூடேற்றாமலேயே எங்கள் படலம் அருமையாக அயனியைக் கடத்தியது. என் பேராசிரியர் துள்ளினார். பணம் போட ஆள் தேடி, கடைசியில் யாரைப் பிடித்து வந்தார் தெரியுமா? உன் முதலாளியை. அவருக்கும் புதுத் தொழில் வேண்டியிருந்தது, பழைய கறையைத் துடைக்க ஒரு துணியும் வேண்டியிருந்தது. இருவரும் சேர்ந்து உன் படம் போட்டு ஒரு ஸ்டிக்கர் அடித்திருக்கிறார்கள்: 'செந்தில் பேட்டரி. பற்றவே பற்றாது.' ஆபீஸ் சுவரில் உன் படத்துக்கு மாலை. "செந்திலு எங்க ஊட்டுப் பையனாட்டங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அந்த ஊட்டு வாசப்படியை நீ ஒருநாளும் தாண்டியதில்லை. தாண்ட விட்டதில்லை.

எனக்கு அந்தப் படலம் உறுத்தியது. பாலிமரையும் உப்பையும் ஒரு கரைப்பானில் கரைத்து, ஊற்றி, காய வைக்கிறோம். காய்ந்துவிட்டதா என்று யார் பார்த்தது? தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியும் தொட்டால் அப்படித்தான் இருக்கும். தராசில் வைத்தால்தான் ஈரம் தெரியும். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு வீரபாண்டி பட்டறையில் துணி எடை போட்டவள் நான். படலத்தை எடை போட்டேன். வெளிக்காற்று படாமல் வெற்றிட அடுப்பில் இரண்டு நாள் சூடாக்கி, மறுபடி எடை போட்டேன். குறைந்திருந்தது. கரைப்பான் உள்ளேயே தங்கியிருக்கிறது. அயனிகள் அதில் நீந்திப் போயிருக்கின்றன. நன்றாகக் காய்ந்த படலத்தில் பழையபடி அயனி ஓட்டம் படுத்துவிட்டது.

உன்னைக் கொன்ற திரவம் அளவுக்கு இது ஆபத்தில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பற்றக்கூடிய திரவம். அதை உள்ளே வைத்துக்கொண்டு பற்றவே பற்றாது என்று ஒட்டுவதற்குப் பெயர் பொய்.

பேராசிரியரிடம் சொன்னேன். "ஏம்மா மலர், எல்லா லேப்லயும் கொஞ்சம் சால்வென்ட் நிக்கத்தான் செய்யும். உனக்கு பிஎச்டி வேணுமா வேண்டாமா?" என்றார். சமாதானத்தையும் மிரட்டலையும் ஒரே மூச்சில் சொல்ல நிறையப் படித்திருக்க வேண்டும் போல.

அந்தப் பேட்டரி விற்பனைக்குப் போக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா அழுகிறாள். "கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு கண்ணு. அவன் பேராவது நாலு பேரு வாயில இருக்கட்டும்" என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

போன வெள்ளிக்கிழமை முதலாளியின் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். படலத்தைச் செய்தவள் நான் என்பதால் பரிசோதனை அறிக்கையில் என் கையெழுத்து வேண்டும். பேராசிரியரும் அங்கே இருந்தார். இரண்டு எடையையும் எழுதிய தாளை முதலாளியின் மேஜையில் வைத்தேன்.

"ஈரத் துணி வந்தா எடை போட்டுப் பார்த்து வண்டியைத் திருப்பி அனுப்புவீங்கள்ல? இதுவும் அதேதானுங்க."

பேராசிரியர் ஒரு வாரமாக மழுப்பியது முதலாளிக்கு நொடியில் புரிந்தது.

"உள்ள ஈரம் நிக்குது."

"ஆமாங்க."

"செரி, அடுத்த லாட்டுல காய வச்சுக்கலாம்."

"காய வச்சா ஓடாதுங்க."

"அப்பக் காய வைக்காத."

இருவரும் சிரித்தார்கள். உன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து சிரித்தார்கள்.

அண்ணா, உனக்கு என் வாக்கு இது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் ஆய்வேட்டில் இரண்டு எடையும் இருக்கும். பட்டம் போனால் போகட்டும், ஏதாவது பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். காய்ந்த படலத்தில் சங்கிலியை நெளிய வைக்க வழி இருக்கிறதா என்று முடிகிற வரை தேடுவேன். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றே எழுதுவேன். உன் பெயரை ஒரு பொய்யின் மேல் ஒட்ட விட மாட்டேன்.

அன்று எழுந்து வரும்போது கதவருகில் நின்று கேட்டேன். "பனியன் டப்பா, பள்ளிக்கூட பெஞ்சு, கோயில் டியூப்லைட்டு, எல்லாத்துலயும் உங்க பேரைத்தானுங்க போடுவீங்க. பேட்டரி தீப்பத்தாதுன்னு அத்தனை உறுதியா இருந்தா, செத்தவன் பேரு எதுக்குங்க? இதுலயும் உங்க பேரையே போடுங்க."

முதலாளி பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் போனைப் பார்த்தார்.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்க வெளியிடுகிறேன், அந்த இருவரும் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் திரும்பவும் கேட்கிறேன். உங்க பேரைப் போடுங்க.

உன்னோடு பிறந்தவள்,
மலர்