மைமூன் போக வேண்டிய பள்ளிக்கூடம்

என் மச்சானுக்கு,

உங்கள் கபுர் விசாலமாக இருக்கட்டும், அந்த மண்ணுக்குள்ளே வெளிச்சமும் இருக்கட்டும். அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னும் மச்சான், பின்னும் மச்சான். இப்போது மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவேன்? நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுத வேண்டிய அளவுக்கு நீங்கள் என்னை விட்டு விலகிப் போனதே இல்லையே.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மைமூன் பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. நம் ஒரே மகளை ஹாஸ்டலில் விட்டு ஒன்பதாம் வகுப்பு படிக்க வைக்க வேண்டும் என்று தை மாதம் முழுக்க என் உயிரை வாங்கினீர்களே, அது நடக்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்து ஆடியும் பாதி போய்விட்டது. பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் இன்னும் இத்தாவில் இருக்கிறேன். உங்கள் அத்தா மௌத்தாகி அத்தை விதவையானபோது இருந்தார்களே, அதே இருப்பு. நான்கு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. உங்கள் அண்ணன் வந்தால்கூட நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேசுகிறேன். நாளைக் கழித்து முடிகிறது.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, பள்ளிக்கூடம் தேடி நீங்கள் அலைந்தது? காரியாபட்டியில் நம் பெண் பிள்ளைகளுக்கு எட்டாவதோடு சரி. தினமும் விருதுநகருக்கு பஸ்ஸில் போய் வர இவள் வயதுப் பெண்ணை நம் ஜமாத்தில் யாரும் விட்டதில்லை. தங்கிப் படிப்பதுதான் வழி என்று எட்டாம் வகுப்பு ரூத் டீச்சர் மிஷன் பள்ளிக்கூடம் இருக்கிற மூன்று ஊர்களின் பெயரைச் சொன்னார். திண்டுக்கல், மதுரை, பாளையங்கோட்டை. மண்டிக்கு மிளகாய் வத்தல் வாங்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு மூன்று ஊருக்கும் போய் வந்தீர்கள்.

பள்ளிக்கூடம் பார்க்கிற முறையா அது? மண்டியில் மூட்டையின் வாயைப் பார்த்து நீங்கள் வத்தல் வாங்கியதே கிடையாது. குத்தூசியை நடு மூட்டையில் சொருகி, உள்ளே கிடப்பதை இழுத்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவீர்கள். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான் போனீர்கள். பெரிய டீச்சர் அறைப் பக்கமே போகாமல், பின்னால் அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டு, தட்டுக் கழுவுகிற பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களை யாரும் பிடித்துப் போலீசில் கொடுக்காதது அல்லாவின் கிருபை.

“பாளையங்கோட்டையில ஒரு பிள்ளைகிட்ட கேட்டேன், வீட்டு நெனப்பு வந்து அழுவியாம்மான்னு. மொத வருசம் அம்புட்டு அழுதேன் மாமா, இப்ப லீவுக்கு வீட்டுக்குப் போனா இங்கன நெனப்பு வருதுங்குது. அங்கனதான் நம்ம பிள்ளை சேரணும்” என்றீர்கள்.

“மதுரைக்கு என்னவாம்? பக்கத்துல இருக்கு, நெனச்சாப் போயிப் பாக்கலாம்” என்றேன்.

“அதனாலதான் வேண்டாங்குறேன். நீயும் உன் அக்கா தங்கச்சிகளும் வாரம் ஒருக்கா போயி அழுது, ஆவணிக்குள்ள பிள்ளையக் கூட்டியாந்துருவீக.”

திண்டுக்கல் ஹாஸ்டலில் தண்ணீருக்குச் சிரமம் என்று அதை விட்டுவிட்டீர்கள். பாளையங்கோட்டைக்கு எழுதிப் போடுவது, அது இல்லாவிட்டால் மதுரை என்று முடிவு செய்தீர்கள். நான் விட்டேனா? கறி போட்டால் யார் அறுத்ததென்று எப்படித் தெரியும், ஓட்டப் பந்தயத்துக்குக் குட்டைப் பாவாடை கட்டச் சொன்னால் என்ன செய்வது, பைபிள் வகுப்பில் உட்கார வைத்தால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டேன். நீங்களும் சளைக்கவில்லை. கறி வேண்டாம், ரசமும் மோரும் போதும் என்றீர்கள். ஒரு மூலையில் தொழுதுகொள்ளலாம் என்று வார்டனம்மாவே சொல்லிவிட்டார் என்றீர்கள்.

கடைசியில்தான் என் மனதில் இருந்ததைக் கேட்டேன். “அங்கன இருக்கும்போது வயசுக்கு வந்துட்டா?” நீங்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “அங்கனயும் பொம்பளைகதான இருக்காக” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் நான் சரி என்றேன். ஐந்தாவதோடு என்னை நிறுத்தியபோது இப்படி எனக்காகப் பேச ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்தேன். உங்களிடம் அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

பங்குனியில், மண்டியில் வத்தல் மலைபோலக் குவிந்து கிடந்த நாளில், கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டீர்கள். தூக்கிக்கொண்டு வந்தார்கள். உங்கள் சட்டையெல்லாம் வத்தல் நெடி. அழுதவர்கள் எல்லோரும் தும்மிக்கொண்டே அழுதார்கள்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? சாவுக்கு மாதம் பார்க்க முடியாதுதான். ஆனாலும் இந்தச் சேலைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கணக்குப் போடாத நாள் இல்லை. ஐப்பசியில் போயிருந்தால் இத்தா மாசியோடு முடிந்திருக்கும். நானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பேன். அறிவுள்ளவள் போடுகிற கணக்கா இது? புருஷனின் சாவை முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டேன், மச்சான்.

மைமூன் அந்த நிலையிலும் எட்டாவது பரீட்சை எழுதினாள். முகம் வீங்கிப் போய்த்தான் போனாள். நல்லபடியாகத் தேறிவிட்டாள். ரூத் டீச்சர் வீட்டுக்கே வந்து விண்ணப்பங்களை எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி இரண்டு ஊருக்கும் அனுப்பினார். மதுரையில் இடமில்லை என்றார்கள். பாளையங்கோட்டையில் உண்டு. பள்ளி திறக்கிறபோது தாயோ, வீட்டுப் பெரியவரோ நேரில் வந்து சேர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பதில் வந்தது. உங்கள் கபுர் இருக்கும் திசையைப் பார்த்து, “கேட்டீகளா, கெடச்சிருச்சு” என்றேன். நீங்கள் போன பிறகு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு பொழுதுதான்.

உங்கள் அண்ணன் சிவகாசிப் பேப்பர் கடையிலிருந்து வந்தபோது சேலைக்குப் பின்னால் இருந்து விஷயத்தைச் சொன்னேன்.

“ஜொகரா, நான் என்ன படிக்க வேண்டாம்னா சொல்றேன்? மொதல்ல இத்தா முடியட்டும். பள்ளிக்கூடம் எங்கன போயிரப் போகுது?”

“அவுக சொன்ன நாளைக்குப் போகணும் பெரிய மச்சான். என்னால முடியாது. நீங்க ஒரு நடை கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வாங்களேன்.”

“பட்டாசுக் கம்பெனிக்காரங்க அம்புட்டுப் பேரும் லேபிள் பேப்பருக்கு வந்து நிக்கிற சீசன். கடைய விட்டு எப்படி நகருவேன்? அதோட, தம்பி கபுருல ஈரம் காயல, அதுக்குள்ள பிள்ளைய ஹாஸ்டல்ல கொண்டு தள்ளிட்டான்னு ஊரு என்னையத்தான சொல்லும்?”

அவர் கெட்டவர் இல்லை, மச்சான். கெட்டவராக இருந்திருந்தால் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். எனக்காகப் பள்ளிவாசல் அசரத்திடம் போய்க் கேட்டதே அவர்தான். கேட்டதை மறைக்காமல் வந்தும் சொன்னார். “தேவைன்னா பகல்ல வெளிய போயிட்டு வரலாம்னுதான் அசரத்து சொல்றாரு. அதுக்கு மேல உன் இஷ்டம்.”

என் இஷ்டம் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. விடியலில் கிளம்பி விருதுநகரில் ரயில் பிடித்தால் அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று ரூத் டீச்சர் விசாரித்து வைத்தார், துணைக்கும் வருகிறேன் என்றார். ட்ரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினேன். நீங்கள் ஏர்வாடிக்குப் போனபோது வாங்கி வந்த தொழுகைப் பாயை மேலே வைத்தேன்.

மைமூன் வந்து பெட்டியை மூடினாள்.

“நான் போகலம்மா. நீ இத்தாவுல வெளிய வந்தா அத்தாவுக்குக் கபுருல வேதனையாம். பெரியம்மா வீட்டுல பேசிக்கிட்டாக.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடி. போகலாம்னு அசரத்தே சொல்லிட்டாரு.”

“அவரு சொல்வாரு. போனது அவரு அத்தாவா?”

கெஞ்சினேன், மிரட்டினேன், உன் அத்தா ஆசைப்பட்டதுடி என்று அழுதேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவளைப் போகச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவள் போக மாட்டேன் என்றாள். உங்களை வைத்து இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தோம். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு கனவிலாவது? இவ்வளவு பேசுகிற மனிதர், அன்றைக்குப் பார்த்தா வாயை மூடிக்கொண்டீர்கள்?

அந்த நாள் வந்தது, போனது. ஆனி முடிவதற்குள் பாளையங்கோட்டையிலிருந்து டீச்சருக்குக் கார்டு வந்துவிட்டது. காத்திருந்து பார்த்தோம், இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. மைமூன் கிணற்றடியில் இருந்தபோது டீச்சர் மெதுவாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நானும் மகளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளே வேண்டாம் என்று உதறிய இடம்தானே, போனதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

இப்போது வேறு ஏற்பாடு நடக்கிறது. உங்கள் அண்ணியின் உறவில் ஒரு பையன், சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை. சாந்தமான பையனாம், தொழுகையாளியாம். இத்தா முடிகிற அன்றைக்கே வந்து பெண் பார்த்துப் பேசி வைத்துவிடலாம், நிக்காஹை இரண்டு வருடம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் அண்ணன் சொல்கிறார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் வருமா என்று கேட்கிறார்கள். எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறார்கள். அதில் மூச்சுத்தான் விட முடியவில்லை.

இன்று காலையில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்லப் பயந்துகொண்டே இவ்வளவும் எழுதிவிட்டேன்.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மைமூன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்க்கவில்லை.

“நாளைக் கழிச்சு இத்தா முடியுதுல்லம்மா? அதுக்குப் பெறகு நீ வெளிய வந்தா அத்தாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாதும்மா.”

“அப்ப மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போயிருவமா? பெட்டியப் பிரிக்காமத்தான் வச்சிருக்கேன். விட்ட பாடத்தையெல்லாம் கேட்டு எழுதிக்கிருவேன்.”

கீரைத் தண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, மச்சான். தள்ளித்தான் வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் எல்லாமே இத்தா முடியட்டும் என்றுதானே நிற்கிறது. மண்டியைத் திறப்பது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, உங்கள் துணிமணிகளை ஏழைகளுக்குக் கொடுப்பது எல்லாம் அப்படித்தான். பள்ளிக்கூடமும் அதே மாதிரி நமக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் என்று பிள்ளை நம்பியிருக்கிறாள். எங்கன போயிரப் போகுது என்று பெரியத்தா சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். உங்களுக்கு வேதனை வராமல் காத்துவிட்டு, அப்புறம் உங்கள் ஆசையையும் நிறைவேற்றலாம் என்று இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் பொறுமையாக இருந்திருக்கிறாள்.

இடம் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் அவள் யாரை வெறுப்பாள்? என்னையா, பெரியத்தாவையா, அல்லது உங்களையா? அடுத்த வருடம் என்று ஒன்று அவளுக்கு உண்டா? அதற்குள் வயதுக்கு வந்துவிட்டால் இவர்கள் விடுவார்களா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. உங்களைத்தானே கேட்டுப் பழக்கம்.

“போவோம்” என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொல்லவில்லை. போகத்தான் போகிறேன், மறுநாள்கூட இல்லை, இத்தா முடிந்த கையோடு அன்றைக்கே. சிவகாசிக்காரர்கள் வந்தால் வீடு பூட்டியிருக்கும். ரயிலில் போகும்போதே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீ அத்தா மேல் வைத்த பாசம் தப்பில்லை, பள்ளிக்கூடத்துக்கு நம் இத்தா தெரியாது, அவ்வளவுதான் என்று சொல்வேன். சொன்ன பிறகும் இறங்கித் திரும்ப மாட்டோம். அந்த வாசலில் போய் நின்று கேட்போம். இந்த வருடம் இல்லை என்பார்கள். அடுத்த வருடமும் உறுதியில்லை என்பார்கள். அதைக் கேட்கும்போது நம் மகளின் கை என் கைக்குள் இருக்கும். இந்த ஒன்றைத்தான் உங்களுக்கு என்னால் வாக்காகக் கொடுக்க முடிகிறது, மச்சான். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் மாமன் மகள்,
மைமூனின் அம்மா,
ஜொகரா