என் கட்டிலிலேயே ஏறிய டிரிப்ஸ்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று எங்கள் முதியோர் இல்லத்தில் முதன்முதலாக ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்த ஒருவர் நான்தான். நேற்றிலிருந்து காய்ச்சலும் வாந்தியும். ஆம்புலன்ஸ் வரும் என்று பையில் மாற்றுப்புடவை எடுத்து வைத்துவிட்டேன். நர்ஸ் செல்வி சிரித்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க டீச்சர்? இதெல்லாம் இங்கயே போட பர்மிஷன் வந்துருச்சு. டாக்டரும் பாத்துட்டாரு. பேசாம படுங்க."

படுத்தேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்துக் கட்டில் காலி. அது ஜுலைகாவின் கட்டில்.

விளக்கை அணைத்த பிறகுதான் ஜுலைகாவுக்குப் பேச்சு வரும். சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் அவள் கணவர் அத்தர் வாங்கி வருவாராம். முகர்ந்தாலே இவளுக்குத் தும்மலாம். "கடேசிவரைக்கும் அவர்ட்ட சொல்லவே இல்ல டீச்சர்" என்று போர்வைக்குள் சிரிப்பாள். நான் தூங்கிவிட்டேனா என்று நடுநடுவே கேட்டுக்கொள்வாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கும் இதே காய்ச்சல்தான். அப்போது இங்கே டிரிப்ஸ் போட அனுமதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க யாருட்ட பேசுவேன்? நீங்களும் வாங்களேன்."

என்னைக் கூடப் போக விடவில்லை. அவள் திரும்பி வரவே இல்லை. கடைசி நாட்களில் யாரோடும் பேசவில்லை என்று அவள் மகன் வந்து சொன்னார்.

சாயங்காலம் ஊசியை எடுக்கும்போது, "வீட்டுல இருக்க மாதிரியே இருந்துச்சுல்ல?" என்றாள் செல்வி. ஆமாம் என்றேன். நல்ல காரியம்தான். ஒரு மழைக்காலம் முந்தி இது வந்திருந்தால் ஜுலைகா இங்கேயே படுத்தபடி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பாள். நானும் கேட்டுக்கொண்டே தூங்கிப் போயிருப்பேன்.