சகலை மகன் வைத்த நாலு எட்டு

26-2-78, ஞாயிறு. ஆனையூர்.

என் மகன் பத்தாம் மாதத்திலேயே நடந்து வாசற்படி தாண்டிவிட்டான் என்று போன வாரம் தெரு முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்தேன். உண்மையில் அவனைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது நான்தான். சகலை மகன் முந்திவிடக் கூடாதே என்ற பதற்றம்.

இன்று சகலை மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தபோது, என் அக்கா மகள் வசந்தாவும் வந்தாள். பிள்ளைகள் எப்படி வளர்கின்றன, எப்போது தவழ்கின்றன, நடக்கின்றன என்று காலேஜில் படிக்கிறாள். நோட்டும் கையுமாக இரண்டு பிள்ளைகளையும் கூடத்தில் இறக்கிவிட்டாள்.

"நம்ம பய ஓடவே செய்வான், எழுதிக்க" என்றேன்.

அவன் உட்கார்ந்து விரல் சப்பினான். சகலை மகன் சுவரைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, நாலு எட்டு வைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

"என்ன சகல, கொழுக்கட்டை அம்புட்டும் யாரு நடந்ததுக்கு?" என்று சகலை சிரித்தான்.

"விடுங்க மாமா, பிள்ளைக்குப் பிள்ளை முன்னப்பின்ன ஆகும்" என்றாள் வசந்தா.

ஆனால் அந்தப் பொடியன் நாலு எட்டும் என்னை நோக்கித்தான் வைத்தான். என் முழங்காலைக் கட்டிக்கொண்டான். சகலை கூப்பிட்டும் போகவில்லை. சகலைக்கு முகம் சுண்டிப்போனது.

நாளை டீக்கடையில், அவன் என்னிடம் நடந்து வந்தது நாலு எட்டு என்று சொல்ல மாட்டேன். நாற்பது என்பேன்.